உட்காரச் சொல்லாத வகுப்பு

மோனிஷா எழுந்து நிற்கிறாள், பெஞ்சின் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, பதினொன்றாம் வகுப்பு மொத்தமும் அவளையே பார்க்க, அங்க பயமா இருக்குமாக்கா என்று என்னைக் கேட்டுவிட்டு நிற்கிறாள். சனிக்கிழமைதோறும் நகரத்துக் கல்லூரிக்குப் போய்ப் பட்டப்படிப்புக் கணக்கை இப்போதே படிக்கலாம், பஸ் செலவும் அவர்களே தருகிறார்கள், ஆனால் காலனிப் பிள்ளைகள் யாரும் பேர் கொடுக்கவில்லை, இங்கே படித்துப் போன நீ வந்து சொன்னால் கேட்பார்கள் என்று என்னை வரவழைத்த கிரேஸ் டீச்சர், வாசலிலேயே நிறுத்தி எச்சரித்திருந்தார், பழசையெல்லாம் சொல்லிப் பயமுறுத்திடாதம்மா, மோனிஷா குடுத்தாத்தான் மத்ததுங்களும் பேர் குடுக்கும்.

பயமா, என்று எனக்குள் கேட்டுக்கொள்கிறேன், கேட்டதுமே சுண்ணாம்புச் சுவர் கரைந்து, படிப்படியாகக் கீழிறங்கும் அந்தக் கல்லூரிக் கூடம் வருகிறது, இதே சனிக்கிழமை வகுப்பின் முதல் நாள், எனக்குப் பதினாறு வயது, பள்ளிச் சீருடையில் இருக்கிறேன், பேராசிரியர் உள்ளே வருகிறார், சட்டென்று எழுந்து நிற்கிறேன், வேறு யாரும் எழுந்திருக்கவில்லை, அத்தனை தலைகளுக்கு நடுவே நான் மட்டும், எங்கள் பள்ளியில் உட்காரு என்று சொன்னால்தான் உட்காரலாம், சொல்லாமல் உட்கார்ந்தவள் வாசலில் முட்டி போட வேண்டும், அவரோ என்னைப் பார்க்காமலே கரும்பலகைக்குத் திரும்பிவிட்டார், இந்த வரியை முடித்ததும் சொல்வார், அடுத்த வரியை முடித்ததும் சொல்வார், சொல்லவில்லை, பின்னாலிருந்து ஒருவன் ஏய் போர்டு மறைக்குது என்கிறான், எந்த ஸ்கூலுடி இது என்று ஒருத்தி சிரிக்கிறாள், உட்கார்ந்தால் தப்பு, நின்றால் தப்பு, வகுப்பு முடியும்வரை நின்றேன், நிற்கிறேன், கனவில் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறேன், கனவில் அந்தக் கூடத்துக்குள் தண்ணீர் ஏறுகிறது, அவர் எழுதிக்கொண்டே போகிறார், எல்லோரும் மூழ்கியபடியே குறிப்பெடுக்கிறார்கள், உட்காரும்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த ஆளின் வாய் வெந்தா போய்விடும், சொல்லாமல் உட்காரவே கூடாது என்று என்னை வளர்த்த இந்தப் பள்ளியை எங்கே கொண்டுபோய்க் கொட்ட, பிறகு படித்தேன், தேறினேன், எங்கள் வீட்டின் முதல் பட்டம் என்று தெருமுனையில் என் முகத்தைப் பேனரில் வைத்தார்கள், ஆனால் அந்தக் கல்லூரி வழியாகப் போகும் பஸ்ஸில் இன்றுவரை நான் ஏறுவதில்லை.

டீச்சர் கண்ணால் ஜாடை காட்டுகிறார், இல்லை என்று சொல்லு. இருக்கும், என்கிறேன் மோனிஷாவிடம், ரொம்பவே இருக்கும், ஒருத்தரும் உன்ன உக்காரச் சொல்ல மாட்டாங்க, நீயாத்தான் உக்காந்துக்கணும், எனக்குக் கணக்கு தெரிஞ்சுது, அது தெரியல. டீச்சர் நெற்றியில் கை வைத்துக்கொள்கிறார், பக்கத்துப் பெண் மோனிஷாவின் துப்பட்டாவை இழுத்து, இதெல்லாம் உனக்குத் தேவையாடி என்கிறாள், மோனிஷா அந்தக் கையைத் தட்டிவிடுகிறாள். நா பேர் குடுக்கறேன்க்கா, ஆனா மொத நாளு நீங்களும் எங்கூட உள்ள வரணும், அதே ரூமுக்கு, வருவீங்களா, என்று கேட்டுவிட்டு, யாரும் சொல்லாமலே உட்கார்ந்துவிடுகிறாள், இப்போது இந்த வகுப்பில் நிற்பது நான்தான், அத்தனை கண்களும் என்மேல், மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொள்கிறேன், வர்றேன் என்கிறேன், சத்தம் வரவில்லை, மறுபடியும் சொல்கிறேன்.