ரோஜா முள் என்று சொன்னார்

அப்பாவின் ஆள்காட்டி விரல் கத்திரிக்காய் நிறத்துக்கு மாறியபோது, ரோஜா முள் குத்திவிட்டது என்று சொன்னார். பூஜைப் பூவைத் தொடுத்த விரலாயிற்றே என்று அம்மா மஞ்சள் குழைத்துப் பற்றுப் போட்டாள். நான்காம் நாள் கட்டில் ஆடும் அளவுக்குக் குளிர் காய்ச்சல். அலிப்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

என் அப்பா வெங்கட்ராமன் சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் சிக்னல் இன்ஜினியர். காளிகாட்டில் நாங்கள் இருக்கும் குடியிருப்புக்குச் செயலாளரும் அவரே. 'மாடிப்படியில் மீன் கொண்டுவரக் கூடாது' என்று மூன்று மொழிகளில் எழுதி ஒட்டிக் கையெழுத்துப் போட்டிருந்தார். கீழ்வீட்டு பெங்காலி மாமா உத்பல் காக்கு பாவம், திருட்டுப் பொருள் போலப் பையை அணைத்துக்கொண்டு அதைக் கடந்துபோவார்.

ஞாயிறு டூட்டி முடிந்து வரும்போது மட்டும் அப்பாவின் கையில் எலுமிச்சை வாசனை அடிக்கும். சிக்னலுக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டதில்லை. கேட்டுத் தொலைப்பேனோ என்று அவரே என்னைக் கல்லூரித் தெருவுக்கு அழைத்துப்போய் நாவல் வாங்கித் தருவார்.

டாக்டர் ஸ்ரீபர்ணாவுக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் கூடுதலாக இருக்கும். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் சொன்னார்: "ரத்தத்தில் ஒரு கிருமி வளர்கிறது. எரிசிபெலோத்ரிக்ஸாக இருக்கலாம். பெரும்பாலும் மீன், பன்றி, கோழி கையாளுகிறவர்களுக்கு வரும். தோலோடு நின்றுவிட்டால் பயமில்லை. ரத்தத்தில் கலப்பது அபூர்வம், ஆனால் கலந்தால் இதய வால்வில் போய் உட்காரும். இப்போது ஏறும் மருந்துக்கு அது அசையாது. லேப் உறுதி சொல்ல இரண்டு நாளாகும். மீனைத் தொட்டீர்களா? ஆமென்றால் இப்போதே மருந்தை மாற்றிவிடுவேன்."

அப்பா கூரை மின்விசிறியைப் பார்த்தார்.

"மீனா? இவரா? அமாவாசைன்னா வெங்காயமே தொடமாட்டார்" என்றாள் அம்மா.

நான் அவளை வெளியே அனுப்பப் பார்த்தேன். "அம்மா, கான்டீன்ல காபி நன்னாயிருக்காம். போயிட்டு வாயேன்."

"இந்த ஊர்ல காபி நன்னாயிருக்காது" என்று நாற்காலியை இன்னும் கட்டிலருகே இழுத்துப் போட்டாள்.

அப்பாவின் பற்கள் தந்தி அடித்தன. இரண்டு நாள் இருக்கட்டும், இரண்டு மணி நேரம் பொறுக்கவே எனக்குத் தைரியமில்லை. அம்மாவுக்கு பெங்காலி வராது. இருபத்திரண்டு வருடமாகக் காய்கறியை விரலால் சுட்டித்தான் வாங்குகிறாள். ஆகவே பெங்காலியில் சொன்னேன்: "அப்பா, அம்மாவுக்குப் புரியாது. சொல்லிடு."

அப்பா அதே மொழியில் முனகினார். "டேங்க்ரா மீன். சிக்னல் கேபினில் சமைத்தோம். கழுவும்போது முள் ஏறிவிட்டது."

நம் ஊர்க் கெளுத்தியின் சொந்தக்காரன் அது. முள்ளும் அப்படியே.

"முதல் தடவையா?" என்றார் டாக்டர்.

"பதினோரு வருஷமாக."

டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டு குறித்துக்கொண்டார். அரை மணியில் பென்சிலின் ஏறத் தொடங்கியது.

"என்னவாம்?" என்றாள் அம்மா.

"யார்டுல ரோஜாச் செடி இருக்காம்" என்றேன்.

மருந்து மாறிய மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. லேபும் அதே கிருமியின் பெயரைச் சொன்னது. இதய ஸ்கேனில் கோளாறு எதுவும் இல்லை. அம்மா கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏன்னா, டேங்க்ராவைச் சாம்பல் தொட்டுண்டு பிடிக்கணும். முள்ளை வெட்டிட்டுத்தான் கழுவணும். உத்பல் ஆத்துக்காரி, கீழாத்து பௌதி சொன்னா."

அப்பா ஸ்பூனைக் கையால் விலக்கினார். "உனக்கு பெங்காலி..."

"இருபத்திரெண்டு வருஷமா இங்கதானே இருக்கேன். தெரியாதுன்னு சொன்னாத்தான் எல்லாரும் எதிர்லயே பேசறா." ஸ்பூனை மறுபடி நீட்டினாள். "உங்க வாயால வரதான்னு பார்த்தேன். இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தா நானே டாக்டர்கிட்ட சொல்லியிருப்பேன், மீன் வாடை போகத் தேய்ச்சுக்கற எலுமிச்சம்பழத்தையும் சேர்த்து." என் பக்கம் திரும்பினாள். "ரோஜாச் செடியாம்."

ஊசிகள் எல்லாம் முடிந்து வீடு திரும்பிய அன்று, மாடிப்படியில் அம்மா நின்றுவிட்டாள். அறிவிப்பைக் காட்டினாள். அப்பா தோல் உரிந்துகொண்டிருந்த விரலை நீட்டிவைத்துக்கொண்டு, இடது கையால் அந்தக் காகிதத்தைச் சுரண்டி எடுத்தார். மூன்று மொழிகளையும்.

அந்த நேரம் பார்த்து உத்பல் காக்கு பையோடு வந்தார். பழக்கதோஷத்தில் பையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"இன்னிக்கு என்ன மீன், தாதா?" என்று அண்ணனைக் கேட்பதுபோல் அம்மா நல்ல பெங்காலியில் கேட்டாள்.

காக்குவின் கையிலிருந்து பை நழுவப் பார்த்தது. அப்பா பைக்குள் எட்டிப் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார்.