நடனக்கால் யுகேந்திரனுக்குப் பாராட்டு விழா

பினாங்குத் தீவின் இந்தியப் பெருமக்களுக்கும், கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்தில் வாழும் உற்றார் உறவினருக்கும், ஏனைய உலகத்தாருக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில்: வரும் ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு, எந்தக் குத்தும் தீண்டியிராத திருமுகத்தை உடையவரும், இடமும் வலமுமாக நகர்ந்தே எதிரிகளைக் களைக்க வைத்தவருமாகிய குத்துச்சண்டை வீரர் யுகேந்திரன் அவர்களுக்கு ‘நடனக்கால் மாமணி’ என்னும் பட்டம் சூட்டப்படும். பட்டத்துக்கு முன்பாக மூன்று சுற்றுக் காட்சிச் சண்டை உண்டு. தேநீரும் உண்டு.

இதை எழுதியவன் நான். குத்துச்சண்டை மன்றத்தின் செயலாளர் சின்னையா என்றால் சுங்கை பினாங்கில் நாலு பேருக்குத் தெரியும். ‘ஏனைய உலகத்தாருக்கும்’ என்பது மட்டும் தலைவர் சோமசுந்தரம் சேர்க்கச் சொன்னது. அவர் ஒன்பது வருடமாக அரசு தரும் டத்தோ பட்டத்துக்குக் காத்திருப்பவர். நமக்கு வராத பட்டத்தை நாலு பேருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தால் மேலே இருப்பவர்கள் கண்ணில் படும் என்பது அவர் கணக்கு. குத்துச்சண்டைக் கையுறையை அவர் மாட்டியது ஒரே ஒரு முறை, படம் எடுப்பதற்காக. அதிலும் இடதை வலதில் மாட்டிக்கொண்டார்.

யுகேந்திரனின் ஆட்டத்தைப் பற்றி மட்டும் நான் பொய் எழுதவில்லை. முப்பத்து நாலு வயது, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் டெக்னீஷியன். வளையத்தில் ஏறினால் அந்த ஆளுக்குத் தரை வேறு. இடப்பக்கம் போக வேண்டுமென்றால் இடது கால் முதலில் போகும், வலது கால் பின்னால் வந்து சேரும். வலப்பக்கம் என்றால் மாறி. இரண்டு கால்களும் ஒருநாளும் குறுக்கே போகாது. எதிராளி குத்தை நினைக்கிறபோதே அந்த இடம் காலியாக இருக்கும். கயிற்றோரம் மாட்டிக்கொண்டான் என்று கூட்டம் எழுந்து நிற்கும்போது ஆள் நடுவில் நிற்பார்.

மேடையில் வாங்காத அடியை அவர் வேறு இடத்தில் வாங்கினார். யாரும் வந்து சாப்பிடலாம் என்கிற ஒவ்வொரு தீபாவளித் திறந்த இல்லத்திலும் மன்றத்தில் ‘தொட்டுப் பார்’ என்று ஒரு போட்டி. ஒரு குத்தால் அவர் முகத்தைத் தொடுகிறவனுக்கு டீ-சட்டை. எடைப் பிரிவெல்லாம் கிடையாது. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், ஜிம் வைத்திருப்பவர்கள், கல்யாணத்துக்கு முன் கோபத்தைத் தீர்க்க வந்தவர்கள் என்று வரிசையில் நிற்பார்கள். நாற்பது பேரை விலகிய கால் நாற்பத்தோராவது ஆளிடம் கொஞ்சம் தாமதிக்கும். பதினொரு தீபாவளி. அந்தப் போட்டி என்னுடைய யோசனை. டீ-சட்டையின் வாசகமும்.

விழாவுக்குப் பத்து நாள் முன்னால் அவர் மனைவி பிரமிளா மன்றத்துக்கு வந்தது. தொழிற்சாலைச் சீருடையோடு, ஷிப்ட் முடிந்த கையோடு. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. போன மாதம் பாகான் டாலாமில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போக இருவரும் ஃபெரி ஏறியிருக்கிறார்கள். யுகேந்திரன் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இன்றைக்கு அலை அதிகம் என்றாராம். கடல் எண்ணெய் ஊற்றின மாதிரி கிடந்ததாம். வலது கால் செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் வீட்டு மாடியிலிருந்து கடை வரை நடந்து போனாராம். தேநீரைக் குவளைக்குப் பக்கத்தில் ஊற்றினாராம். மருத்துவமனைக்குக் கூப்பிட்டால் விழா முடியட்டும் என்கிறாராம்.

“சின்னையா அண்ணே, அவரு என் பேச்ச கேக்க மாட்டாரு. நீங்க வேணாம்னு பேர வெட்டிட்டா சண்டை இல்ல. அவ்ளோதான் லா. ஒரு கோடு.”

பேனா என் சட்டைப் பையில்தான் இருந்தது. அழைப்பிதழ் ஏற்கெனவே அச்சில் இருந்தது. இது தலைவரின் முடிவு என்றேன். பிரமிளா தலைவரிடம் போனது. அவர் இது மருத்துவ விஷயம் என்றார். மன்றத்தின் மருத்துவர் நாராயணனிடம் போனது. அவர், விழா அன்று விதிமுறைப்படி பரிசோதனை உண்டு, அதற்குள் எதற்குக் கலவரம் என்றார். எங்கள் மூன்று பேர் முகத்தையும் அந்தப் பெண்ணால் தொட முடியவில்லை.

டாக்டர் நாராயணன் தலைவரின் மச்சான். பல் மருத்துவர்.

ஞாயிறு பிற்பகல் மண்டபம் நிறைந்தது. வாரநாட்களில் பூப்பந்து ஆடுகிற மண்டபம் அது. தரையில் வெள்ளைக் கோடுகள் அப்படியே இருந்தன. பரிசோதனையையும் பொதுமக்கள் முன்னிலையில் நடத்தலாம், வெளிப்படைத்தன்மை என்று தலைவர் சொல்லியிருந்தார். டாக்டர் முதலில் யுகேந்திரனின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துத் திருப்தியடைந்தார். பிறகு படிவத்தில் அடுத்த வரியைப் படித்தார். குதிகாலை விரலோடு ஒட்டி வைத்து, ஒரு நேர்கோட்டில் பத்து அடி நடக்க வேண்டும்.

யுகேந்திரன் பூப்பந்துக் கோட்டின் மேல் நின்றார். முதல் இரண்டு அடி சரியாக விழுந்தது. மூன்றாவது கோட்டுக்கு வலப்பக்கம் போனது. நாலாவதற்கு உடம்பே ஒருக்களித்தது, இரண்டு கையும் அகன்றன. ஐந்தாவதில் கால் குறுக்கே போய் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் அவர் தலையை நிமிர்த்திச் சிரித்தார்.

“நேரா போறது நமக்குப் பழக்கம் இல்ல டாக்டர்.”

கூட்டம் கைதட்டியது. டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். நேராகப் போகிறவனுக்கு யாராவது மாமணி கொடுப்பார்களா என்று மைக்கில் கேட்டுவிட்டு, தகுதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நானும் கைதட்டினேன். பிரமிளா மூன்றாம் வரிசையில் இருந்தது. யுகேந்திரனைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தது.

எதிராளி ஹாரிஸ். மளிகைக்கடை அப்துல் காதரின் மகன், இருபத்து மூன்று வயது. சின்ன வயதில் யுகேந்திரனைப் பார்த்துத்தான் இந்த விளையாட்டுக்கு வந்தவன், அவரோடு ஒருமுறை ஏற வேண்டும் என்று கேட்டு வாங்கிய வாய்ப்பு. மணி அடித்தது. யுகேந்திரன் வலப்பக்கம் சாய்ந்தார், இடப்பக்கம் சாய்ந்தார், பின்னால் இரண்டு அடி போய்க் கயிற்றில் பட்டுத் திரும்பி வந்தார். மண்டபம் ஆர்ப்பரித்தது. இந்த நுட்பத்துக்கு உலகத்தில் இணை கிடையாது என்று தலைவர் மைக்கில் விளக்கினார்.

வளையத்துக்கு மிகப் பக்கத்தில் நேரம் பார்க்கிற மேசையில் இருந்தவன் நான். ஆட்டத்தில் அவர் கால்கள் குறுக்கே போனதை முதலில் பார்த்தவனும் நான்தான். பதினாறு வருடத்தில் ஒருநாளும் பார்த்ததில்லை. மணி என் கையில் இருந்தது.

இரண்டாம் சுற்றில் ஹாரிஸ் குத்துவதை நிறுத்தினான். கையை இறக்கிக்கொண்டு யுகேந்திரனையே பார்த்தான். நடுவர் எச்சரித்தார், கூட்டம் ஊளையிட்டது, யாரோ பயந்தாங்கொள்ளி என்று கத்தினார்கள். ஹாரிஸ் கயிற்றோரம் என் பக்கம் வந்தான்.

“அண்ணே, நான் இன்னும் கைய வைக்கவே இல்ல. அதுக்கு முன்னாலயே அவரு சாயறாரு.”

நான் தலைவரைப் பார்த்தேன். தலைவர் ஆட்டத்தைத் தொடரும்படி கையால் வட்டம் போட்டுக் காட்டினார். முன்வரிசையில் ஒரு நிஜ டத்தோ உட்கார்ந்திருந்தார்.

ஹாரிஸ் திரும்பிப் போய் யுகேந்திரனை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டான். நடுவர் விலகச் சொன்னார், விலகவில்லை. மறுபடி சொன்னார், அவன் இன்னும் இறுக்கினான். புள்ளி குறைக்கப்படும் என்றார். அவன் தலையை யுகேந்திரனின் தோளில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடினான். சண்டையே போடாதவன் மூச்சு வாங்குவதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பார்த்தீர்களா விளையாட்டு உணர்வை, என்றது மைக். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. நடுவர் இருவருக்கும் நடுவில் புகுந்து பிரித்தார். ஹாரிஸின் கை விலகியதும் யுகேந்திரன் அவன் மார்பு வழியாக வழுக்கிக்கொண்டு கீழே இறங்கி உட்கார்ந்தார். முகத்தில் ஒரு காயம் இல்லை.

பிரமிளா செருப்போடு வளையத்தில் ஏறியது. செருப்போடு ஏறக் கூடாது என்று தலைவர் மைக்கில் சொன்னார். அது யுகேந்திரன் தலையை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பியது. கத்தவில்லை.

“இப்பவாச்சும் அந்த மணிய அடிங்கண்ணே.”

அடித்தேன். சுற்று முடிய இன்னும் நாற்பது வினாடி இருந்தது.

ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்திருக்கவில்லை. காட்சிச் சண்டைதானே என்று நினைத்தோம். அப்துல் காதர் தன் கடைக்குச் சரக்கு ஏற்றும் காடியைக் கொண்டு வந்தார். வெங்காய மூட்டைகளை இறக்கிவிட்டு யுகேந்திரனை ஏற்றினார்கள். கதவைச் சாத்துவதற்குள் தலைவர் ஓடி வந்து பொன்னாடையைப் போர்த்திவிட்டார், படத்துக்காக ஒரு நிமிடம் திரும்பியும் நின்றார். சிறுமூளையில் பழைய சேதம், வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது என்று பெரிய மருத்துவமனையில் சொன்னார்கள். அன்று ஒரு குத்து சரியாக விழுந்திருந்தால் கதை வேறு என்றும் சொன்னார்கள்.

மன்றக் குறிப்பேட்டில் ஆட்டம் சமநிலை என்று எழுதியிருக்கிறேன். ஹாரிஸுக்கு, நடுவரின் சொல்லை மீறியதற்காக, மூன்று மாதத் தடை. முதல் சுற்றின் வீடியோ ஊரெல்லாம் சுற்றுகிறது. கால் என்றால் இது கால் என்று கீழே எழுதுகிறார்கள். வரும் தீபாவளிக்குப் புதிய டீ-சட்டை போடலாம் என்று தலைவர் யோசனை சொன்னார், வாசகம் என்னிடம் கேட்டிருக்கிறார். போன வாரம் மாமணி பட்டத்தைச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு சுங்கை பினாங்கில் இருக்கும் யுகேந்திரன் வீட்டுக்குப் போனேன். பிரமிளா வாங்கி, உறை பிரிக்காமல் அலமாரி மேல் வைத்தது. தேநீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. நான் எழுந்த நேரத்தில் யுகேந்திரனும் எழப் பார்த்தார்.

குளியலறைக்குப் போக அவரை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.