டீச்சர் வாயில் குயிலக்கா

தொண்டை கட்டிக்கொண்டதால் அந்த ஞாயிறு குயிலக்கா திருப்பலிக்குப் போகவில்லை. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே மாதா கோயில் பூசையில், வாசகம் முடிந்ததும் மக்கள் பதில் பாடுகிற பதிலுரைப் பாடலைப் பாடுகிறவள். கோயிலுக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அவளுடைய நிஜப் பெயரே மறந்துவிட்டது. தனக்குப் பதிலாகப் பாடச் சொல்லி, பாடகர் குழுவிலிருக்கும் டீச்சரிடம் கெஞ்சிக் கூத்தாடிவிட்டு, பக்கவாதத்தில் படுத்த கணவரின் கட்டிலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எதிரே டிவியில் கோயில் நேரலை.

"நீ போய்ப் படும்மா. நான் பாத்துக்கறேன்," என்றார் அவர். காலையிலிருந்து இதே பாட்டுத்தான்.

"ஒரு நாள் உங்ககூட உட்கார்ந்து பூசை பாக்கறேனே, அதுவும் ஆகாதா?"

முதல் வாசகம் முடிந்தது. டீச்சர் மேடையேறி, புத்தகத்தைப் பிரித்து, வாயைத் திறந்தாள். வந்தது குயிலக்காவின் குரல்.

பிரமையோ என்று காதைத் தேய்த்துக்கொண்டாள். இல்லை, கணீரென்று அவளேதான். டீச்சர் மூச்சு வாங்கி நிறுத்திய இடத்திலும் பாட்டு நிற்காமல் போனது. "ஐயோ மாதாவே!" என்று அலறிவிட்டாள். தன் சாவுக்குப் பிறகு நடக்க வேண்டியதை முன்கூட்டியே பார்த்துவிட்ட மாதிரி இருந்தது.

கோயிலில் சவுண்டு பார்க்கிறவனுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, நீங்க கோயில்ல இல்லையா? பட்டனை அமுக்கிட்டு டீ குடிக்க வந்துட்டேனே! போச்சு, மானமே போச்சு!"

"என்னடா அது? யாருடா பாடறது?"

"உங்க பழைய கேசட்டுக்கா. உங்க வீட்டு அண்ணன் அந்தக் காலத்துல ஞாயிறு தவறாம பதிவு பண்ணி வச்சது. கோயிலுக்குள்ள கேக்கறது உங்க பாட்டுதான், சத்தியமா. நேரலைக்கு மட்டும் இது போகும். நான் மாட்டேன்னுதான் சொன்னேன், அண்ணன்தான்..."

திரும்பினாள். அவர் சுவர்ப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

"வீடியோவுக்குக் கீழே கண்டபடி எழுதினாங்கம்மா. தகரத்தைச் சுரண்டற மாதிரி இருக்கு, இந்தக் கிழவியை யாராவது இறக்கி விடுங்கன்னு. சிரிச்சு சிரிச்சு எழுதினானுங்க. எழுந்து போய் நாலு அறை விட முடியுமா என்னால? வேற என்ன செய்ய?"

"அப்போ வாராவாரம் நான் வந்து செருப்பைக் கழட்டறதுக்குள்ள, 'இன்னைக்கு அசத்திட்டே'ன்னு சொல்வீங்களே. யாரைச் சொன்னீங்க?"

"உன்னைத்தான்."

"எந்த என்னை?"

எழுதியவர்கள் மேல்கூட அவளுக்கு அவ்வளவு கோபமில்லை. இந்த மனுஷன் மேல் பற்றிக்கொண்டு வந்தது. அதைவிடக் கேவலம், டிவியில் பாடிக்கொண்டிருந்தவள் மேல் வயிறெரிந்தது.

ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை அடைத்தாள். எழுந்து நின்று, கட்டிய தொண்டையோடு அடுத்த அடியைப் பாடினாள். உச்சத்துக்குப் போகும்போது குரல் பிசிறி உடைந்தது. விடாமல் முடித்துவிட்டு, மக்கள் பாட வேண்டிய இடத்தில் நிறுத்தினாள்.

"நீங்கதான் இப்போ சபை. பதில் பாடுங்க."

ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட வாயால் அவர் பாடினார். பாதி எழுத்து வெளியே வரவில்லை, சுருதி எங்கேயோ போயிற்று. கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கக் கை எழவில்லை.

முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"தகரத்தைச் சுரண்டற மாதிரிதான் இருக்கு," என்றாள். "அடுத்த அடிக்கும் பாடுங்க."