ஆறாவது பிடி

குழந்தைகளுக்கு ரக்பி லீக் சொல்லிக்கொடுப்பது ஒன்றும் பிரம்மவித்தை இல்லை. இடுப்பில் ஒரு பட்டை, பட்டையின் இரண்டு பக்கமும் ரிப்பன். பந்தோடு ஓடுகிற பிள்ளையின் ரிப்பனை உருவிவிட்டால் அது ஒரு பிடி. ஆறு பிடி ஆனதும் பந்தை எதிர் அணியிடம் கொடுத்துவிட வேண்டும். ஆறு வயதுப் பிள்ளைக்கு அரை மணி நேரத்தில் விளங்கிவிடும். க்ளென்னுக்குத்தான் இப்போது ஆறு வரை எண்ண வரவில்லை.

அவனுக்கு ஐம்பத்தொரு வயது. ஹெம்ஷா அணிக்குப் பதினான்கு வருஷம் ஆடியவன். ரிப்பன் இல்லாத பெரியவர்கள் ஆட்டத்தில் எதிரே வந்தவனையெல்லாம் தலையைக் கொடுத்தே சாய்த்தவன். போன வருஷம் லீட்ஸ் நகரத்து டாக்டர் அவன் மூளையின் படத்தைக் காட்டி, அந்த அடிகள் எல்லாம் எங்கே போய்ச் சேர்ந்திருக்கின்றன என்று அவன் மனைவி லொரேனுக்கு விளக்கினார். அவள் அதை ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை. மகன் பெயர்கூட அவனுக்குச் சில நாள் வரும், சில நாள் வராது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கக் கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டால் மட்டும் பழைய மனுஷனாக நடந்து போவான். தெரிந்தால் கிளப்பில் விசிலை வாங்கிக்கொள்வார்கள். அதையும் பிடுங்கிவிட்டால் அவனிடம் என்ன மிச்சம்?

அதனால் ஒவ்வொரு ஞாயிறும் மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே சிவப்புக் கையுறையோடு நின்றாள். ஒரு பிடிக்கு ஒரு விரல். க்ளென் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு எண்ணிக்கையை உரக்கச் சொல்லுவான்.

"என்ன லொரேன், ஏலம் எடுக்கிறியா?" என்று பிள்ளைகளின் அப்பாமார் கிண்டலடித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள்.

நவம்பரில் ஒரு ஞாயிறு, மழையும் பனியும் கலந்து கொட்டியது. மூன்று பிடி ஆகியிருந்தது. அடுத்து ஓடி வந்த பையனின் ரிப்பனை ஹாரியட் என்கிற சின்னப் பெண் கோட்டைவிட்டு அழுதாள். க்ளென் ஆட்டத்தை நிறுத்தி, பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு, அவள் முன்னால் சேற்றில் மண்டியிட்டான்.

"ரிப்பனாவது, மண்ணாங்கட்டியாவது. இங்க பாரு பாப்பா. தலையைக் குனி. அவன் முட்டியப் பாத்து நேரா இடி. தலைதான் முதல்ல போகணும், தெரியுதா?"

ஹாரியட் சமர்த்தாகத் தலையாட்டினாள். கம்பளித் தொப்பியைக் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்தாள். எதிரே அந்தப் பையன் தன் முழங்கால்களைப் பார்த்தபடி நின்றான். கயிற்றோரம் நின்ற அப்பாமார் ஏதோ வேடிக்கை என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நனைந்த முடிக்குக் கீழே அந்தக் கழுத்து லொரேனின் மணிக்கட்டு அளவுகூட இல்லை. அந்தப் படம் அவள் கண்முன் வந்து நின்றது. ஆட்டம் நடக்கும்போது பெரியவர்கள் யாரும் கயிற்றைத் தாண்டுவதில்லை. லொரேன் குனிந்து தாண்டினாள். ஓடினாள். ஹாரியட்டின் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

க்ளென் நிமிர்ந்து, பழக்கதோஷத்தில் அவள் கையுறையைப் பார்த்தான். "எத்தனை ஆச்சு?"

லொரேன் ஒரு கையை முழுசாக விரித்து, மறு கையில் கட்டைவிரலையும் தூக்கிக் காட்டினாள்.

"ஆறு," என்றாள்.

"ஆறா? அப்ப குடுத்துட வேண்டியதுதான்," என்றான். ஆறு ஆனபின் பந்தை வைத்துக்கொண்டு வம்பு பண்ணும் வழக்கம் அவனுக்கு எந்நாளும் கிடையாது. பந்தை அவள் கையில் வைத்தான்.

"விசிலையும் குடு, கண்ணு."

ஒரு கணம் யோசித்தான். பிறகு கழுத்திலிருந்து கழற்றி அதையும் கொடுத்தான்.

"மூணுதான் ஆச்சு," என்றாள் ஹாரியட். "நான் எண்ணினேன்."

க்ளென் அவள் தலையில் தொப்பியை மாட்டி, காதை மூடி இழுத்துவிட்டான்.

"சும்மா இரு பாப்பா. அவ எண்ணினா தப்பாது."