கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போண்டா

யார் எதைக் கேட்டாலும் அய்யாவு சொல்வது ஒரே பதில்தான்: "ஆமாங்க."

ஊட்டி மலையில் கிளென்மார்கன் பக்கத்துத் தேயிலை ஃபேக்டரியில், இலை அரைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் முப்பத்தாறு வருடம் நின்று அவர் கண்டுபிடித்த பதில் அது. அந்த இரைச்சலில் தொரை சொல்வது எதுவும் கேட்காது. தலையை ஆட்டி "ஆமாங்க" என்றால் தொரை திருப்தியாகப் போய்விடுவார். சக ஆட்களிடம் பேச அங்கே யாருக்கும் குரல் தேவைப்பட்டதில்லை, வாயசைத்தால் போதும். மெஷினுக்கு அந்தப் பக்கம் நின்ற எட்மண்ட், தன் கல்யாணத்தில் நடந்த சண்டை முழுவதையும் ஒரு சத்தமும் இல்லாமல் சொல்லி முடித்தவன்.

ரிட்டயரான பிறகும் அந்தப் பதில் நன்றாகவே வேலை செய்தது. மூன்று வருடத்தில் ஆசையாக வளர்த்த கன்றுக்குட்டியை விற்கச் சம்மதித்தார். கோயில் திருவிழாவில் தீச்சட்டி எடுக்கச் சம்மதித்தார். கடைசியாக, மகன் மகேஷ் செல்போனில் குனிந்தபடியே கேட்டதற்கு, வீட்டைப் பூட்டிவிட்டுத் திருப்பூரில் அவனோடு வந்து இருக்கவும் சம்மதித்தார். மறுநாள் முகத்துக்கு நேராக அதைப் பற்றிக் கேட்டால், "நான் எப்படா சொன்னேன்?" என்று முழித்தார். அப்பாவுக்கு மறதி நோய் வந்துவிட்டது என்று மகேஷ் முடிவு கட்டியதில் தப்பே சொல்ல முடியாது.

"டாக்டரும் அதையே சொல்லிட்டா, வெள்ளிக்கிழமை திருப்பூருதானாம். மகேஷ் பெட்டியெல்லாம் கட்டிட்டான்" என்று எட்மண்ட்தான் வாயசைத்துத் தகவல் கொடுத்தான்.  திருப்பூரில் பனி கிடையாது, கேரம் ஆட எட்மண்டும் கிடையாது.

ஊட்டி ஆஸ்பத்திரியில் மறதி நோய் பார்க்கும் டாக்டர் விஜயனுக்குச் சளி. மூக்கிலிருந்து தாடை வரை மாஸ்க். வாய் இல்லாத மனிதரிடம் எப்படிப் பேசுவது என்று அய்யாவுக்கு விளங்கவில்லை.

"இது எந்த வருஷம்ங்க?"

"ஆமாங்க."

"இப்ப நாம எந்த ஊர்ல இருக்கோம்?"

அய்யாவு இந்த முறை சிரிப்பையும் சேர்த்துக்கொண்டார். "ஆமாங்க."

முப்பது மார்க்குக்கு நாலு. டாக்டரின் புருவம் இரக்கத்தில் இறங்கியது. மகேஷ் கண்ணைத் துடைத்தான். வெள்ளிக்கிழமை கிட்டத்தில் வந்துவிட்டது என்று அய்யாவுக்கு அதிலேயே புரிந்தது.

அப்போது காது பரிசோதிக்கும் ரேஷ்மா மார்க் தாளோடு உள்ளே வந்தாள். "காது டெஸ்ட் கட்டம் காலியா இருக்கு சார். அது முடியாம இந்த மார்க் செல்லாது."

"மறந்துட்டேம்மா" என்றார் மறதி டாக்டர். அதற்கு அவருக்கு யாரும் மார்க் குறைக்கவில்லை.

அய்யாவுவைச் சத்தம் நுழையாத ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, ஓசை கேட்டால் பட்டனை அமுக்கச் சொல்லி ஜாடை காட்டினாள். அவர் காத்திருந்தார். முப்பத்தாறு வருடம் இப்படி ஓர் அறை கொடுத்திருந்தால் எவ்வளவு சுகமாக இருந்திருக்கும் என்று யோசித்தார். பட்டனுக்கு வேலையே வரவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரேஷ்மா மாஸ்க்கை இறக்கி டீயை உறிஞ்சியபடி உதவியாளர் வனிதாவிடம், "பாவம், அமுக்கவே மாட்டேங்கறாரு. கேன்டீன்ல போண்டா இருக்கான்னு பாத்துட்டு வா" என்றாள்.

"எனக்கும் ரெண்டு சொல்லுங்க" என்றார் உள்ளே இருந்து ஸ்பீக்கர் வழியாக அய்யாவு. "காலையில ஒண்ணும் சாப்பிடலீங்க."

ரேஷ்மா தன் பக்கத்து மைக்கைப் பார்த்தாள். அணைந்துதான் இருந்தது. சுவரைத் தட்டிப் பார்த்தாள். கெட்டியாகத்தான் இருந்தது. பிறகு கண்ணாடியருகே வந்து, குரலே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்தாள்: "இது எந்த வருஷம்ங்க?"

"ஏனுங்க, உங்க ஊட்டுல காலண்டர் இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டு, வருஷம், மாசம், தேதி, கிழமை, அன்று கரிநாள் என்பது வரை சொன்னார். "இதை டாக்டரு வாயத் தொறந்து கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேனே."

காதுக்கு ஒரு மெஷினை மாட்டிவிட்டு, டாக்டரை மாஸ்க் இல்லாமல் தள்ளி உட்கார வைத்து, மறுபடி பரீட்சை நடந்தது. முப்பதுக்கு இருபத்தெட்டு. நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்ன இடத்தில், எழுபத்தொன்பது வந்ததும் "போதும்ங்க, எதுக்குக் கொறச்சுக்கிட்டே போறீங்க" என்று நிறுத்தியதில் இரண்டு போனது.

மகேஷ் தயங்கித் தயங்கிக் கேட்டான். "அப்பா, வெள்ளிக்கிழமை திருப்பூர் போலாமா?"

மகனின் குரலை அய்யாவு ஒழுங்காகக் கேட்டு எத்தனையோ வருடமாகிவிட்டது. கொஞ்சம் கட்டைக் குரல், அவன் அம்மா பக்கம். "இன்னொருக்கா சொல்லு" என்றார். சொன்னான். "இன்னொருக்கா." அதையும் சொன்னான். மூன்று முறையும் ஆனந்தமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "முடியாது, கண்ணு."

மகேஷுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப ரெண்டு மாசமா தலையாட்டினது?"

"நீ கேட்டது காதுல விழுந்தாத்தானே எனக்குத் தெரியும். லீவு போட்டுட்டு நீ இங்க வா."

வெளியே பெஞ்சில் எட்மண்ட் காத்திருந்தான். ரேஷ்மா மாஸ்க்கை ஏற்றிக்கொண்டு அவனிடம் குனிந்தாள். "நீங்களும் அதே ஃபேக்டரிங்களா? உங்களுக்கும் டெஸ்ட் பண்ணிரலாமா?"

எட்மண்ட் அழகாகத் தலையை ஆட்டினான். "ஆமாங்க."

என்ன ஏதென்று தெரியாமலே அறைக்குள் போய் உட்கார்ந்தான். ஹெட்போன் ஏறியது. கண்ணாடி வழியாகப் பரிதாபமாக நண்பனைப் பார்த்தான்.

அய்யாவு வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, சத்தமில்லாமல் உதட்டை அசைத்தார்: "போண்டா கேளு. சூடா இருக்கு."