சட்டைப்பையில் போன கால்குலேட்டர்

பேபி அத்தை பெட்டியில் கிடந்த தன் அண்ணனின் சட்டைப்பைக்குள் கால்குலேட்டரை வைத்துப் பொத்தானைப் போட்டபோது, பிலோமினா தண்ணீர்ச் சொம்போடு வாசற்படியில் நின்றிருந்தாள்.

“அத்தே, அது...” என்றாள்.

“இருக்கட்டும்மா. ஷெட்டுலருந்து தூக்கினு வரச்சொல்ல அவரு பாக்கெட்லதான் இருந்துச்சு. ஊரு பூரா காட்டினு திரிஞ்சாரே எங்கண்ணன். அவரோடவே போவட்டும்.”

சுற்றியிருந்த பெண்கள் ஓவென்று அழுதார்கள். செத்தவருக்குப் பிடித்ததைப் பெட்டியில் வைப்பது அந்தத் தெரு வழக்கம். எதிர்வீட்டுக்காரருக்குப் பொடி டப்பா போயிற்று. அப்பா தேவானந்தத்துக்குக் கால்குலேட்டர்.

அதில் கூட்டலைத் தவிர அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் போன வாரம் வாங்கியதிலிருந்து, “இதுல சைன், காஸ் எல்லாம் கீது, என் பொண்ணு படிப்புக்கு” என்று டீக்கடை முதல் கோயில் வரை காட்டினார். “பரீட்சை வரைக்கும் என்னாண்ட இருக்கட்டும், நீ எங்கனா தொலைச்சிடுவ” என்று பையில் வைத்துக்கொண்டே திரிந்தார். பரீட்சை நாளை மறுநாள்.

போன செமஸ்டரில் லாக் டேபிளைப் புரட்டிப் புரட்டியே நேரம் ஓடி, அவளுக்கு ஒரு பேப்பர் போயிருந்தது. பாலிடெக்னிக்கில் மற்றவர்கள் கால்குலேட்டரைத் தட்டி எழுதிவிட்டு எழுந்து போனார்கள். அப்பா பர்மா பஜாரில் விலை விசாரித்துவிட்டு வந்தார். வெளிநாட்டுச் சரக்கென்று அவருடைய ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் சொன்னான் கடைக்காரன். மறுநாளிலிருந்து திருமுடிவாக்கம் பட்டறை ஷெட்டில் பகல் ஷிஃப்டோடு ராத்திரி ஷிஃப்டும் பார்த்தார். பொருள் கைக்கு வந்த பிறகும் அதற்காக வாங்கிய கைமாற்றுக் கடனை அடைக்க வேண்டுமென்று ஓடினார். நேற்று பிரஸ் மிஷின் முன்னால் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

பிலோமினா தன் அம்மா செல்லம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து காதோடு சொன்னாள். செல்லம்மா தலையைத் தூக்காமலே கேட்டாள்.

“பொணத்து மேலருந்து எடுக்கச் சொல்றியா?”

“பரீட்சைம்மா.”

“அதை வாங்கத்தான்டி அந்த மனுசன் செத்தாரு. அதைப் பாத்தாலே எனக்கு வயிறு எரியுது. போவட்டும்.”

அம்மா சொன்னது பொய்யில்லை. ஆனால் அது மண்ணுக்குள் போனால் அப்பா கண் விழித்த ராத்திரிகளும் சேர்ந்து போகும். அதை யாரிடம் சொல்வது?

உபதேசியார் ஜெபத்தை முடித்தார். அப்பாவோடு வேலை பார்த்த சவுரிமுத்து மூடியைத் தூக்கிக்கொண்டு, “முத்தம் குடுக்கறவங்க குடுத்துடுங்கம்மா, நேரமாவுது” என்றார்.

அவள் குனிந்து அப்பாவின் நெஞ்சில் முகத்தை வைத்தாள். சில்லிட்டிருந்தது. அழுகை உண்மையாகவே பொங்கி வந்தது. மாலைக்கு அடியில் வலது கை பொத்தானைத் தேடிக் கழற்றியது. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்ததற்காக அவளுக்குத் தன்னையே பிடிக்காமல் போயிற்று.

“பொண்ணுக்கு வுட மனசு வரல. புடிங்கம்மா” என்றாள் ஒருத்தி. நாலு பேர் சேர்ந்து அவளை இழுத்தார்கள். எழுந்தபோது வலது கை தாவணிக்குள் இருந்தது.

பல்லாவரம் கல்லறை வரை அவள் அந்தக் கையை வெளியே எடுக்கவில்லை. பெட்டியைக் குழிக்குள் இறக்கினார்கள். ஒவ்வொருவராகக் குனிந்து மண் போட்டார்கள். அவள் முறை வந்தபோது இடது கையால் அள்ளினாள்.

“இன்னாம்மா இது, பெத்த அப்பனுக்கு” என்று பேபி அத்தை தடுத்தாள். “சோத்தாங்கையால போடு.”

பிலோமினாவின் வலது கை தாவணிக்குள் இன்னும் இறுகியது. செல்லம்மா மகளுடைய தாவணியை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு குழிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“வுடு பேபி. எந்தக் கையா இருந்தா இன்னா.”

மண் பெட்டியின் மேல் விழுந்தது.