தொவான் வெரல்ல கரண்ட் நின்ன கதை

பேரு தொவான், வயசு இருபத்திமூணு, வியட்நாம்காரன், இருக்கிறது தைவான்ல சின்ச்சு பக்கத்துல கரண்ட மட்டுப்படுத்துற ரெசிஸ்டர் செய்ற ஒரு கம்பெனில. ஒரு செவ்வாக்கெழம காலைல அவன் ஒடம்புல கரண்ட் ஓடுறது நின்னுபோச்சு. அன்னைக்கு ஊர்ல காத்து கொஞ்சம் ஜாஸ்தி, முட்ட வெல ஏறல.

காரணம் எல்லாருக்கும் தெரியும். அங்க மெஷினுக்கு மெஷின் தலைமேல பச்ச பாக்கெட்ல தேங்கா வாசன சோளப்பொரி வெச்சிருப்பாங்க, மெஷின் சொன்ன பேச்சு கேக்கணும்னு. தேதி முடிஞ்சா மாத்துவாங்க, யாரும் தொட்டுத் தின்னமாட்டாங்க. வந்து பத்தே நாளான தொவான், திங்கக்கெழம சாயங்காலம், பசி தாங்காம ஒண்ணப் பிரிச்சுத் தின்னுட்டான். மெஷினுக்கு ஒண்ணும் ஆகல. மறுநாள்லேந்து இவன் வெரலத்தான் எந்தக் கண்ணாடியும் மதிக்கல. போனத் தொட்டா நகரல. கேட்ல ரேக வெச்சா செவப்பு லைட்டு.

மூணு நாள் சேந்தாப்ல ரேக விழலன்னா ஓடிப்போயிட்டான்னு எழுதிக் குடுத்துருவாங்க. பர்மிட் போச்சு, ஊருக்குப் பொட்டி கட்டவேண்டியதுதான். இவன நம்பித்தான் தங்கச்சி ஹுவே நர்சிங் சேந்திருக்கா. தொவான் மூணு நாளும் நின்னு வேல செஞ்சான்.

"நீ என் கண்ணு முன்னாடிதான்டா நிக்கிற, கம்ப்யூட்டர்ல இல்லையே. நான் யார நம்புறது?"ன்னாரு சூப்பர்வைசர் ஹொங்.

"என்ன நம்புங்க சார்."

"உனக்கு பாஸ்வேர்டு இல்லையேடா."

வியாழக்கெழம அஞ்சு மணியோட கெடு முடியுது. நாலரைக்கு டெஸ்ட் ரூம் யூ-சியா அக்கா அவன இழுத்துட்டுப் போய் ரெண்டு கைலயும் டெஸ்ட் மெஷின் ஒயர மாட்டுச்சு. அந்த மெஷின் வோல்ட்ட ஏத்த ஏத்த, எவ்வளவு கரண்ட் ஓடுதுன்னு கோடு போடும். செம்புன்னா நேர்கோடு. பல்பு கம்பின்னா சூடேறச் சூடேற முரண்டு பிடிச்சு வளையும். ரப்பர்னா தரையோட படுத்துக்கும். தொவானுக்கு ஆயிரம் வோல்ட் வரைக்கும் கோடு படுத்தேதான் கெடந்துச்சு.

"ரப்பர்தான் இவன், விடுங்கக்கா"ன்னாரு பின்னாடியே வந்த ஹொங்.

"டையோடும் மொதல்ல இப்படித்தான் படுத்துக் கெடக்கும். ஒரு படி இருக்கு, அதத் தாண்டிட்டா ஒரேயடியாப் பாயும்."

"பாஞ்சா நான் இருப்பேனாக்கா?"

அக்கா நாப்பது ரெசிஸ்டர மால மாதிரி கோத்து அவனுக்கும் மெஷினுக்கும் நடுவுல மாட்டுச்சு. "பாயுறதக் கட்டிப்போட இதுதான் கயிறு. நீ செஞ்ச சரக்குதான். ஒழுங்காச் செஞ்சிருந்தா பொழச்ச."

ரெண்டாயிரம். மூவாயிரம். தொவானுக்கு உள்ளங்காலு வேர்த்துச்சு. மணி நாலு அம்பத்திரண்டு. ஹொங் பேனா மூடியத் தொறந்துட்டாரு. மூவாயிரத்து முந்நூறுல கோடு எந்திரிச்சு நின்னுச்சு. மால கருகுன நாத்தம் அடிச்சுது, ஆனா தாங்குச்சு. தொவான் ஒயரப் பிடுங்கிட்டு கேட்டுக்கு ஓடுனான். நாலு அம்பத்தெட்டுக்குப் பச்ச லைட்டு.

பத்து நிமிஷத்துல வெரல் திரும்ப அடஞ்சுபோச்சு. அதனால இப்ப மூணு மாசமா தெனமும் காலைல ஏழு நாப்பதுக்கு அக்கா அவனத் தொறந்து விடுது. அவன் சட்டப்பையில பச்ச பாக்கெட் ஒண்ணு இருக்கு, தேதிய ஹொங்கே பாத்து மாத்துறாரு. இதுகூட நான் போன்கிட்ட வாயால சொன்னதுதான், வெரலால தட்ட முடியாதே.

ஹுவே, இதப் படிச்சா அம்மாகிட்டச் சொல்லு, அண்ணன் போன் எடுக்கலன்னு அழவேணாம். நம்மூரு நேரம் ஆறே முக்காலுக்குக் கூப்பிடுங்க, இங்க ஏழே முக்கால், அப்பத்தான் வெரல் வேல செய்யும்.